முர்சிலியின் "சூரியக் குறி": 1312ஆ, 1308ஆ?

ஆப்பெழுத்து:
அனத்தோலியாவை, அதாவது இன்றைய துருக்கியை ஆண்ட ஹிட்டைட்டு மன்னன் இரண்டாம் முர்சிலி பட்டத்துக்கு வந்தது கி.மு. 1321 என்று ஒரு புத்தகம் போடுகிறது. இன்னொன்று மூன்று நான்கு ஆண்டு தள்ளிப் போடுகிறது. இரண்டுமே சாட்சிக்கு அழைப்பது அவன் ஆட்சியின் பத்தாம் ஆண்டில் வந்ததாகச் சொல்லும் ஒரு சூரிய கிரகணத்தைத்தான்; ஒன்றுக்கு அது கி.மு. 1312, இன்னொன்றுக்கு 1308. அவனுடைய பத்தாண்டுப் போர்க்குறிப்பை மொழிபெயர்ப்பில் முழுக்கப் படித்தாயிற்று. கிரகணம் என்ற பேச்சே இல்லை. பழைய வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் கி.மு. 1312 ஜூன் 24க்காக -1312 கொடுத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. எங்கே தப்பு?

களிமண்ஏடு:
தேடிய இடம்தான் தப்பு. அது போர்க்குறிப்பில் வராது. மாற்றாந்தாய்மீது முர்சிலி தெய்வங்களிடம் வைத்த முறையீட்டில் வருகிறது. அவன் அஸ்ஸி நாட்டுக்குப் படையெடுத்துப் போகும்போது சூரிய தேவன் ஒரு குறி காட்டினான்; அரண்மனையில் இருந்த அந்த மாற்றாந்தாய் ராணி, "இது மன்னன் சாவுக்கான குறிதானே" என்று பேசிக்கொண்டிருந்தாள். இவ்வளவுதான் செய்தி. நாள், நேரம், ஊர் எதுவும் கிடையாது. அது கிரகணம் என்பதே நாம் கொள்ளும் பொருள்.

அதைப் பத்தாம் ஆண்டில் வைப்பது எப்படி என்றால், போர்க்குறிப்பில் அஸ்ஸி படையெடுப்பு அந்த ஆண்டில் இருக்கிறது. ஆனால் ஒன்பதாம் ஆண்டே கிளம்பப் பார்த்து, பருவம் தப்பிவிட்டது என்று திரும்பியிருக்கிறான். ஆக ஓராண்டு ஆட்டம் எப்போதும் இருக்கும். குறிப்பிலும் ஆண்டுக்கு எண் போட்டிருக்காது, "அடுத்த ஆண்டு" என்றுதான் போகும், எண்ணுவது நாம். இன்னொன்று: தன் கையால் வென்ற நாடுகளை மட்டுமே இதில் சேர்த்ததாகவும், இளவரசர்களும் தளபதிகளும் வென்றவை இதில் இல்லை என்றும் முடிவில் அவனே சொல்லிவிடுகிறான். இதில் இல்லாததால் நடக்கவில்லை என்று வாதாடக் கூடாது.

தெற்குவானம்:
மென்பொருளில் -1311 கொடுங்கள். வானியல் கணக்கில் சுழியம் ஆண்டு உண்டு, கி.மு. கணக்கில் இல்லை. அதனால் எப்போதும் ஒன்று குறையும். நாட்காட்டி ஜூலியன்.

அடுத்த வம்பு பூமியின் சுழற்சி. அது மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே வருவதால், அந்தக் காலத்துக்குத் திருத்தமே சுமார் 8 மணி நேரம். அதில் 10 நிமிடம் பிசகினால் நிழல் பாதை 2.5 பாகை கிழக்கிலோ மேற்கிலோ நகர்ந்துவிடும். அனத்தோலியாவில் அது 200 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே "இந்த ஊரில் முழு இருட்டு" என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

இருந்தாலும் 1312 பலமான ஆள். வட அனத்தோலியா மேல், உச்சி சாய்ந்த பிறகு, முழு கிரகணம். 1308 ஏப்ரல் 13இல் அங்கே தெரிந்தது பகுதி கிரகணம்தான். வெயிலில் நடக்கிற படை அதைக் கவனித்திருக்குமா என்பதே சந்தேகம்.

களிமண்ஏடு:
1308 பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மகன் ஒருவனைக் கணவனாக அனுப்பச் சொல்லி எகிப்து ராணி முர்சிலியின் அப்பா சுப்பிலுலியுமாவுக்கு எழுதினாளே, அவள் துட்டன்காமுனின் விதவை என்றும் அவன் இறந்தது 1323 வாக்கில் என்றும் வைத்துக்கொண்டால், 1321க்கு இரண்டே ஆண்டு. அதற்குள் போன மகன் ஸன்னன்ஸா சாக வேண்டும், பழிவாங்கும் போர் நடக்க வேண்டும், எகிப்துக் கைதிகளோடு வந்த கொள்ளைநோய் பரவ வேண்டும், சுப்பிலுலியுமாவும் மூத்த மகன் அர்னுவந்தாவும் அடுத்தடுத்துப் போக வேண்டும். முடியாதது இல்லை, ரொம்ப நெருக்கம். என் கட்சி 1312தான். எகிப்துக் கணக்கிலேயே சில ஆண்டு முன்பின் இருக்கிறது.

ஆப்பெழுத்து:
-1311க்கு வந்துவிட்டது, நன்றி. முர்சிலியின் மாற்றாந்தாய் ராணி என்ன ஆனாள்?

களிமண்ஏடு:
அவள் பாபிலோன் இளவரசி, சுப்பிலுலியுமாவின் கடைசி மனைவி. முர்சிலியின் மனைவி நோயில் இறந்தபோது, சூனியம் வைத்துக் கொன்றவள் இவளே என்று குற்றம் சாட்டினான். குறி கேட்டதில் கொல்லலாம் என்றே வந்தது. அவன் கொல்லவில்லை, பூசாரிப் பதவியைப் பறித்து அரண்மனையை விட்டு அனுப்பினான். அந்த முறையீட்டில் பொருமல் அப்படியே தெரியும்: அவள் வானத்துச் சூரியனைக் கண்ணால் பார்க்கிறாள், ரொட்டி சாப்பிடுகிறாள், என் தண்டனையோ மனைவியின் சாவு என்கிறான்.