வாய்க்காலுக்கு பிரீகாஸ்ட் தொட்டி வைத்தால் ஜாயின்டில் ஒழுகுமா?

கேள்வி:
கிளை வாய்க்காலில் தண்ணீர் விடாமல் நிறுத்தி வைக்கும் 45 நாளுக்குள் 400 மீட்டர் கான்கிரீட் வேலையை முடித்தாக வேண்டும். பலகை அடித்து, கம்பி கட்டி, அங்கேயே வார்த்து, ஆறவிட்டு என்று போனால் நாள் போதாது. அதனால் அகலம் 1.5 மீட்டர், ஆழம் 1 மீட்டரில் யூ வடிவத் தொட்டிகளை முன்பே வார்த்து வைத்து (பிரீகாஸ்ட்), தண்ணீர் நின்றதும் இறக்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். நடுவில் ஓர் ஓடை, 12 மீட்டர், தூணுக்கு இடமில்லை. அங்கே பிரீஸ்ட்ரெஸ் (உள்ளே இழுத்துப் பிடித்த கம்பி வைத்து வார்க்கும்) தொட்டிப்பாலம் சரிவருமா? கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவேண்டும், இத்தனை ஜாயின்ட் என்றால் பயமாக இருக்கிறது.

பதில் 1:
தாராளமாக வைக்கலாம். 10 செ.மீ. கனத்தில் 2 மீட்டர் துண்டு ஒன்றே ஏறக்குறைய 2 டன் வரும், கிரேனைக் கரை தாங்குமா பாருங்கள்.

ஜாயின்ட்டைவிட அடிமண்ணுக்குத்தான் நான் பயப்படுவேன். ஒரு துண்டு அரை அங்குலம் இறங்கினால் போதும், பூசிய சிமென்ட் கலவை கோடு விட்டு உதிரும், அந்த இடுக்கில் போகும் தண்ணீர் மண்ணை அரித்துப் பக்கத்துத் துண்டையும் இறக்கிவிடும். நான் வேலை பார்த்த ஒரு வாய்க்காலில் இப்படித்தான் வரிசையாக ஆறு துண்டு சாய்ந்தது. மண்ணை நனைத்து நன்றாக இடித்து, மேலே மட்டக் கான்கிரீட் போட்டுவிட்டு வையுங்கள். ஜாயின்ட்டுக்கு வெறும் கலவை வேண்டாம், ரப்பர் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை) கொடுங்கள். கரிசல் மண் என்றால் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும், அதைத் தோண்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்புவதுதான் வழி.

பதில் 2:
மேலே சொன்னதோடு இன்னொன்று. வாய்க்காலைச் சட்டென்று காலி செய்தால் கரைக்குள் ஊறிய தண்ணீர் வெளியே இருந்து தொட்டியைத் தள்ளும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடமென்றால் அந்தத் தண்ணீரை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வும், அதன் பின்னால் ஜல்லி, மணல் வடிகட்டியும் வேண்டும்.

பதில் 3:
12 மீட்டருக்கு பிரீஸ்ட்ரெஸ் நல்ல தேர்வு. கம்பியின் இழுவிசை கான்கிரீட்டை எப்போதும் அழுத்திப் பிடித்திருப்பதால் விரிசல் வாய் திறக்காது, தண்ணீர் சுமக்கும் தொட்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் தூக்கும்போது முனைகளில் வைத்த கொக்கியில் மட்டுமே தூக்குங்கள். நடுவில் கயிறு போட்டால் மேல்புறம் வெடித்துவிடும். அப்புறம், மடை வைக்கப் பின்னால் அதைக் குடைய விடாதீர்கள், உள்ளே இருக்கும் கம்பி அறுந்தால் பாலமே போச்சு.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஓடைக்கு இந்தப் பக்கம் முழுக்கக் கரிசல்தான், கிராவலுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறேன். மடை வரும் இடங்களை விவசாயிகளோடு நடந்துபோய்க் குறித்துக்கொண்டு வந்த பிறகே வார்க்கச் சொல்கிறேன்.