தூரத்துப் பேரடைக் கொத்து: படத்தில குவியலாத் தெரிஞ்சாப் போதுமா?

உப்புவெளி மாணவி
எங்கட பாடசாலை வானியல் கழகச் சுவர்ப்பத்திரிகைக்கு எம்ஓஓ ஜே1142+1527 பற்றி எழுதிறன். 2015இல அறிவிச்ச, 850 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கொத்து. ஒரே திசையில முன்னும் பின்னுமா நிக்கிற பேரடைகளும் படத்தில குவியலாத்தானே தெரியும்? கொத்தெண்டு எப்பிடி உறுதி செய்தவை? திருகோணமலையில இருந்து பாக்க ஏலுமா?

நிலாவெளி வான்
சரியான சந்தேகம், தங்கச்சி. குவியல் வெறும் வேட்பாளர்தான். முதிர்ந்த விண்மீன்களின் ஒளியில் 1.6 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் ஒரு பிரகாச மேடு உண்டு. இந்தக் கொத்தின் செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் கூடும் அளவு) 1.19, ஆகவே அந்த மேடு 1+1.19, அதாவது 2.19 மடங்கு நீண்டு 3.5க்கு வரும். வைஸ் விண்கலம் துழாவியது 3.4, 4.6 மைக்ரோமீற்றரில், அதனால் சிக்கியது. ஆனால் வைஸுக்கு 6 வில்செக்கனுக்குள் (ஒரு வில்செக்கன் பாகையின் 3600இல் ஒரு பங்கு) இருப்பதெல்லாம் ஒரே பொட்டு. பிரித்துப் பார்க்க ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி தேவைப்பட்டது.

மூதூர் நிறமாலை
நிறத்தை மட்டும் வைத்துத் தூரம் கணித்தால் செம்பெயர்ச்சியில் 0.1 பிழை சாதாரணம். இந்தத் தூரத்தில் அது ஏறத்தாழ 70 கோடி ஒளியாண்டு. கொத்தின் அகலமோ ஒரு கோடி தேறினாலே பெரிது! ஆகவே நிறமாலை எடுத்தே ஆகவேண்டும், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். இதற்கு ஜெமினி, கெக் என்ற தரைத் தொலைநோக்கிகள் எடுத்தன. கொத்தென்று ஏற்கப் பரவலான அளவுகோல்: 65 இலட்சம் ஒளியாண்டு ஆரத்துக்குள் குறைந்தது 5 பேரடைகள், செம்பெயர்ச்சி வித்தியாசம் ±0.015க்குள். தரையிலிருந்து எடுக்கும்போது ஒரு வில்லங்கம்: ஒட்சிசனின் 3727 அங்ஸ்ட்ரோம் நிறமாலைக் கோடு (மைக்ரோமீற்றரின் பத்தாயிரத்தில் ஒன்று அங்ஸ்ட்ரோம்) 8160க்கு நகரும். அந்தப் பக்கம் எங்கள் வளிமண்டலமே ஐதரொட்சில் கோடுகளால் மினுங்கும். ஒற்றைக் கோட்டை நம்பிச் செம்பெயர்ச்சி எழுதினால் ஏமாறுவீர்கள்.

கிண்ணியா
அதோடு முடியவில்லை. பேரடைகள் எடையில் சொற்பம். அவற்றுக்கிடையிலான, கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு அதைவிடக் கனம். அது பெருவெடிப்பிலிருந்து மிஞ்சி வானெங்கும் பரவியுள்ள பின்னணி நுண்ணலையைச் சிதறடிப்பதால் 217 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே அந்த இடம் இருண்ட குழியாகத் தெரியும். தூரம் கூடினாலும் குழியின் ஆழம் குறையாது, எக்ஸ் கதிர்ப் பிரகாசமோ வேகமாக மங்கிவிடும். கார்மா வானொலி அணி இந்தக் குழியை அளந்துதான் சூரியனைப்போல் ஏறத்தாழ ஆயிரம் இலட்சம் கோடி மடங்கு எடை என்றார்கள். கொத்துக்குள் வானொலி வீசும் பேரடை இருந்தால் குழி நிரம்பி, எடை குறைவாக வரும். அதை வேறாக அளந்து கழிக்கவேண்டும்.

நிலாவெளி வான்
பார்க்கும் கேள்வி விடுபட்டுப்போச்சு. இடம் உத்தர நட்சத்திரத்துக்கு 2 பாகைக்குள். ஏப்ரல் நடுவில் இரவு பத்து மணியளவில் அது எங்கள் உச்சிக்குக் கிட்ட நிற்கும். 8 அங்குலத் தொலைநோக்கியில் கொத்து தெரியாது. உத்தரத்திலிருந்து கிழக்கே 10 பாகை போங்கோ, கன்னிக் கொத்தின் எம்87 பேரடை மங்கலான பஞ்சுபோல் தெரியும்; 5.4 கோடி ஒளியாண்டு. நிலவில்லாத இரவு, துறைமுக விளக்குக்கு முதுகு காட்டி நில்லுங்கோ.