புதுப்பிப்பு: சி நூலகத்தின் கமெண்ட்களைத் திருத்தியது பற்றி

நாங்கள் சிலர் தருமபுரியில் சேர்ந்து வைத்திருக்கும் சி நூலகத்தில் (சி மொழியில் எழுதிய, பிற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலேயும் விளக்கக் கமெண்ட்டாக "சரத்தை (எழுத்துத் தொடரை) நகலெடுக்கும்" மாதிரி ஒரு வரிதான் இருக்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். கமெண்ட்களிலிருந்தே கையேடு தயாரிக்கும் டாக்ஸிஜன் என்ற கருவியின் வடிவத்துக்கு மாற்றச் சொன்னீர்கள். மாற்றியாயிற்று, அரை நாள் வேலை.

நாள் பிடித்தது வேறு. "நீளம்" என்று எழுதியிருந்த இடத்தில் எழுத்தா, பைட்டா என்று யாருக்கும் தெரியவில்லை. "தருமபுரி" என்று போட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு ஐந்து எழுத்து. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 24 பைட். எங்கள் நகலெடுக்கும் ஃபங்ஷன் உள்ளே ஸ்ட்ரென்காப்பியைத்தான் (strncpy, சி மொழியோடு வரும் நகலெடுக்கும் ஃபங்ஷன்) கூப்பிடுகிறது. நகலை வைக்கும் இடமான பஃபரும் சரியாக 24 பைட் என்றால், சரம் முடிந்தது என்று காட்ட முடிவில் வர வேண்டிய பூஜ்யத்துக்கு இடமே இல்லை, ஸ்ட்ரென்காப்பி எச்சரிக்கவும் செய்யாது. கமெண்ட் எழுத உட்கார்ந்தபோதுதான் இது கண்ணில் பட்டது. இப்போது "அளவு பைட்டில், கடைசி பூஜ்யத்துக்கும் சேர்த்து" என்று இருக்கிறது. நிரலையும் அதற்கேற்ப மாற்றினேன்.

அப்புறம், மால்லாக் செய்து (மெமரியில் இடம் ஒதுக்கி) திருப்பித் தரும் ஃபங்ஷன்களில் "ஃப்ரீ செய்வது (அந்த இடத்தை விடுவிப்பது) அழைப்பவர் பொறுப்பு" என்று சேர்த்தேன். கிருஷ்ணகிரி நண்பர் எங்கள் நூலகத்தை வைத்து மாங்கூழ் ஆலைக்கு எழுதிய எடை புரோகிராம் சீசன் முழுக்க மெமரியை விழுங்கியதற்கு இந்த ஒரு வரி இல்லாததுதான் காரணம். பாவம், அவர் தன் நிரலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

"ஐ-யை (i என்ற மாறியை) ஒன்று கூட்டுகிறது" என்று நிரல் வரியையே திருப்பிச் சொல்லும் வகை கமெண்ட்களை எல்லாம் அழித்துவிட்டேன். யாரும் தேடவில்லை. தேதி ஃபங்ஷன்கள் மட்டும் பாக்கி.