ஷெல்டியிடம் குரலை உயர்த்தாதீர்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

ஷெல்டி, அதாவது ஷெட்லண்ட் ஷீப்டாக், நாய்க்குட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக எங்கள் சிட்டுவைப் பற்றி எழுதுகிறேன். வயது ஆறு, எடை ஒன்பது கிலோ. பார்த்தவர்கள் எல்லாரும் கோலி என்ற பெரிய மேய்ப்பு நாயின் குட்டி என்றுதான் நினைப்பார்கள். 1909-இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் இங்கிலாந்தின் கென்னல் கிளப்பே இந்த இனத்தை ஷெட்லண்ட் கோலி என்றுதான் ஏற்றது; கோலி வளர்த்தவர்கள் ஆட்சேபித்ததால் ஷெட்லண்ட் ஷீப்டாக் ஆனது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லண்ட் தீவுகளில் ஆடும் குட்டை, குதிரையும் குட்டை, நாயும் குட்டை.

மேய்க்கும் புத்தி மட்டும் குட்டையில்லை. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் நாலு பேரும் முற்றத்தில் நாலு பக்கம் ஓடினால் சிட்டுவுக்குப் பொறுக்காது. வளைத்து வளைத்து ஓடி, குரைத்து, குதிகாலை மூக்கால் இடித்து, எல்லாரையும் மாமரத்தடியில் சேர்த்த பிறகுதான் உட்காருவாள். ஒருமுறை சின்னவளின் குதிகாலில் பல்லும் பட்டுவிட்டது. காயமில்லை, ஆனால் பிள்ளை பயந்து அழுதாள். அன்றிலிருந்து ஓட்டம் ஆரம்பித்ததும் சிட்டுவைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்துவிடுகிறேன்.

என் மனதை இன்னும் உறுத்துவது வேறு. கூரையில் குரங்கு குதித்தால் குரைப்பாள், ஹடிடா பறவை கத்தினால் குரைப்பாள், பக்கத்து வீட்டு கேட் மோட்டார் ஓடினால் அதற்கும் குரைப்பாள். ஒரு நாள் காலை, இரவு வேலை முடித்து வந்து மகன் தூங்கிக்கொண்டிருந்தான். பொறுமை போய், செருப்பைத் தரையில் அடித்துக் கத்திவிட்டேன். அவள்மேல் படவேயில்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனவள் மறுநாள் மதியம் வரை வெளியே வரவில்லை, சோற்றையும் தொடவில்லை. தரையில் படுத்துக் கையை உள்ளே நீட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் விரல் நுனியை ஒரே ஒரு தடவை நக்கினாள். நான் அழுதுவிட்டேன்.

இப்போது குரைத்தால் ஜன்னலண்டை போய் எட்டிப் பார்த்து, "பாத்துட்டேன், சரி, வா" என்று மெதுவாகச் சொல்வேன். வந்தால் ஒரு துண்டு கேரட். அவளைப் பொறுத்தவரை குரைப்பது வேலை. சொன்னது நமக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்தால் நிறுத்திவிடுகிறாள்.

டிசம்பர் கோடை வெயிலில் பாவம், முடியை மழித்துவிடு என்று பலர் சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வெளிமுடி வெயில் தோலில் படாமல் காக்கிறது; மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். அதற்குப் பதில் பஞ்சு மாதிரி இருக்கும் அடிமுடியைச் சீவி எடுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து, தோல் தெரியும்படி வரிவரியாகப் பிரித்துச் சீவ வேண்டும். காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் சிக்கு சீக்கிரம் விழும்.

அப்படிச் சீவும்போதுதான் போன பிப்ரவரியில் காதோரம் ஓர் உண்ணி கிடைத்தது. பத்து நாள் கழித்துப் பந்தை உருட்டினால் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்துப்போயிருந்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறம். இங்கே நாய் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உண்ணி கடித்தால் வரும் பிலியரி என்ற ரத்த நோய்தான். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று இரவே கொண்டுபோனதால் பிழைத்தாள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அக்கா, உண்ணி பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். தெரிந்தவர் ஒருவர் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை நல்லெண்ணத்தில் எங்கள் ஷெல்டிக்குக் கொடுத்துவிட்டார். சில மணி நேரத்தில் எச்சில் வழிந்தது, கால் தள்ளாடியது, கண்ணெதிரே கையை ஆட்டினாலும் தெரியவில்லை. ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து மீண்டது. கோலி, ஷெல்டி வகைகளில் சில நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை இருக்கும். மருந்து மூளைக்குள் சேராமல் வெளியே தள்ளும் வேலை அவற்றில் நடக்காது. வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபரமைடுகூட அவற்றுக்கு ஆபத்து. கன்னத்தின் உள்பக்கம் துடைத்தெடுத்துச் செய்யும் பரிசோதனை இருக்கிறது, குட்டியிலேயே செய்துவிடுங்கள்.

பீனிக்ஸ்

ஆன்ட்டி, எங்களுடையது ஏழு மாதக் குட்டி. தீபாவளி வெடிக்கு என்ன செய்வீர்கள்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்

கண்ணு, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப்போய் வந்துவிடு. கேட்டைப் பூட்டிவிடு, மிரண்டு ஓடினால் கண்டுபிடிப்பது கஷ்டம். நான் உள்ளறையில் திரையை இழுத்துவிட்டு ரேடியோவில் லோட்டஸ் எஃப்எம் வைத்து, சீப்போடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். வெடிச் சத்தம் ஓயும்போது காதுக்குப் பின்னால் ஒரு சிக்குகூட மிச்சம் இருக்காது.