ஒரு வேளைக்கு 30 கிராம் புரோட்டீன்தானா?

இரும்புப்பிடி:
"ஒரு வேளைக்கு 30 கிராம் புரோட்டீனுக்கு மேல் உடம்பு எடுக்காது, மீதி வீண்" என்று கர்லாக்கட்டை நேற்று எழுதியிருந்தார். அதை நம்பி ஒரு பையன் ராத்திரி அலாரம் வைத்து எழுந்து முட்டை தின்கிறானாம். கோபம்தான் வருகிறது. இந்த வரம்புக்கு ஆதாரமாகக் காட்டுகிற, கனடாவில் 2009-இல் வந்த ஆய்வில் இருந்ததே ஆறு இளைஞர்கள். கால் பயிற்சிக்குப் பிறகு முட்டைப் புரோட்டீன் கொடுத்தார்கள். தசை உருவாக்கத்தில் 20 கிராமுக்கும் 40 கிராமுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2023-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் ஒரே வேளையில் 100 கிராம் பால் புரோட்டீன் கொடுத்து 12 மணி நேரம் அளந்தார்கள். 25 கிராம் குடித்தவர்களைவிட அவர்களுக்குத் தசை உருவாக்கம் அதிகம், நீடித்ததும் அதிக நேரம். எங்கே போனது உங்கள் 30?

கர்லாக்கட்டை:
தம்பி, நீங்கள் பிறக்கும் முன்பே நான் தண்டால் எடுத்தவன். என்னிடம் பயிற்சி எடுத்த பையன்கள் மாவட்டப் போட்டியில் மேடை ஏறியிருக்கிறார்கள். உங்கள் ஆய்வு எத்தனை பேரை ஏற்றியது? 30 என்றால் 30தான்.

சுண்டல்பிரியன்:
வெந்த கொண்டைக்கடலை நூறு கிராமில் சுமார் ஒன்பது கிராம்தான் புரோட்டீன். சைவக்காரனுக்கு அந்த 30-ஐத் தொடுவதே பெரும்பாடு. எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்களேன்.

கர்லாக்கட்டை:
கடலையில் உடம்பு ஏறாது. வேளைக்குப் பத்து வெள்ளைக்கரு போடுங்கள்.

இரும்புப்பிடி:
பத்து வெள்ளைக்கருவில் சுமார் 36 கிராம் வருகிறது மாஸ்டர்! உங்கள் கணக்குப்படியே ஆறு கிராம் வீண். மஞ்சள்கரு என்ன பாவம் செய்தது? முட்டையின் புரோட்டீனில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது.

கர்லாக்கட்டை:
முட்டைக்கு முட்டை அளவு மாறும். போன மாதம் கிரியேட்டின் (பயிற்சி செய்பவர்கள் வலுவுக்காக எடுக்கும் சத்துப்பொடி) பேச்சிலும் இப்படித்தான் இடையில் புகுந்தீர்கள்.

இரும்புப்பிடி:
புகுந்தேன், இனியும் புகுவேன். தினம் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் எடுத்தால் நல்ல ஆரோக்கியமுள்ளவனின் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பயமுறுத்தியது யார்?

மதுரை டம்பெல்:
அண்ணே, இரண்டு பேரும் நிறுத்துங்கள். நாள் முழுக்கச் சேர்கிற அளவைப் பாருங்கள். 2018-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவைத் தாண்டினால் பெரிய கூடுதல் பலன் இல்லை என்று வந்தது. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். அப்புறம் வாராவாரம் ஸ்குவாட்டில் (எடையைச் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி) எடையோ எண்ணிக்கையோ கூடுகிறதா என்று பாருங்கள். அதே எடையை வருஷம் முழுக்கத் தூக்கினால் எதைத் தின்று என்ன?

கர்லாக்கட்டை:
96-ஐ மூன்று வேளைக்குப் பிரித்தால் 32. கிட்டத்தட்ட 30. நான் சொன்னதுதானே வந்தது!

இரும்புப்பிடி:
வகுத்தால் வருகிற விடை உடம்பின் வரம்பாகிவிடுமா? 90 கிலோ ஆளுக்கு 144 கிராம். மூன்றால் வகுத்தால் 48. அவன் வேளைக்கு 18 கிராமை எங்கே கொட்டுவான்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சுண்டல்பிரியன்:
சோயாவைப் பற்றியாவது யாராவது சொல்வீர்களா?

கர்லாக்கட்டை:
90 கிலோ ஆள் முதலில் தொப்பையைக் குறைக்கட்டும். 30தான்.