"அதே நொடியில மணி அடிக்கும்"னா எப்படி?

முகில்_87: கோட் போட்டு வைக்கிற தளமான கிட்ஹப்போட நோட்டிஃபிகேஷனை மெயில்ல பார்த்து அலுத்துப்போய் ரெண்டே வாரத்துல ஒரு டெஸ்க்டாப் ஆப் எழுதிட்டேன். எலக்ட்ரான்தான், வெப் பக்கம் மாதிரி எழுதுனதை குரோமியம் பிரவுசரோட சேர்த்துக் கட்டி ஆப் ஆக்குற கருவி. ரிவியூ கேட்டது தனி, மென்ஷன் தனி, மத்த சத்தமெல்லாம் அடியில. அங்க கமெண்ட் விழுந்த அதே நொடியில இங்க மணி அடிக்கும்.

பழைய_டெர்மினல்: அதே நொடியிலயா? எப்படி சாமி? ஆப் கேக்கறதுக்கு கிட்ஹப் வச்சிருக்கற ஏபிஐயோட பதில்லயே எக்ஸ்-போல்-இன்டர்வல்னு ஒரு ஹெடர், அதாவது தலைக்குறிப்பு, வருது. அதுல வழக்கமா 60 இருக்கும். 60 நொடிக்கு ஒருதரம்தான் கேக்கணும்னு அர்த்தம்.

முகில்_87: கிட்ஹப்காரன் ஒரு மணி நேரத்துக்கு 5,000 ரிக்வெஸ்ட் வரைக்கும் விடறான். 10 நொடிக்கு ஒருதரம் கேட்டாலும் 360தான் ஆகுது. கணக்கு தெரியும்ணே.

பழைய_டெர்மினல்: அந்த 5,000 கோட்டாவை யார் கேட்டா? 60னு போட்டிருந்தா 60. ஹெடரைப் படிச்சீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க தம்பி.

நித்யா_டெவ்: அதை விடுங்க. 'போன தடவைக்கு அப்புறம் மாறியிருந்தா மட்டும் குடு'ன்னு இஃப்-மாடிஃபைட்-சின்ஸ் ஹெடர் அனுப்பறீங்களா? புதுசா எதுவும் இல்லன்னா 'மாறல'ன்னு 304 வரும், கோட்டாவுலயும் கழியாது.

கோபி: பேசாம வெப்ஹுக் போட்டா என்ன? நாம கேக்காமயே கிட்ஹப்பே சேதி அனுப்பிடுமே.

பழைய_டெர்மினல்: வீட்டு ரவுட்டருக்குப் பின்னால கிடக்குற லேப்டாப்புக்கு வெப்ஹுக் எப்படி வந்து சேரும்? நடுவுல ஒரு சர்வர் வேணும். அடுத்தவன் ரெப்போவுல, அதான் கோட் கிடங்குல, உன்னை ஹுக் போட விடுவானா? நித்யா கேட்டதுக்கும் பதில் வரல, என் 60க்கும் வரல.

முகில்_87: நேத்து ராத்திரி 11:42:07க்கு கமெண்ட், 11:42:09க்கு பாப்-அப். ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

பழைய_டெர்மினல்: ஸ்டாப்ல போய் நின்ன உடனே ஒருநாள் பஸ் வந்துச்சுன்னா, "நின்னா உடனே பஸ்"னு போர்டு மாட்டுவியா? 58வது நொடியில விழுந்தது 60ல வந்திருக்கு. 2ல விழுந்திருந்தா கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் காத்துக் கிடந்திருப்ப. சராசரி 30 நொடி. அதை ஆப்போட அறிமுகக் குறிப்பான ரீட்மீல எழுது.

ரஸ்ட்_ராசா: ஒரு மணி அடிக்க முழு குரோமியமா? எலக்ட்ரானுக்குப் பதிலா டௌரி இருக்கே, அதோட 1.0 வந்தது 2022ல. வெப் பக்கம் காட்ட சிஸ்டத்துல ஏற்கெனவே இருக்குற வெப்வியூவே போதும்.

முகில்_87: லினக்ஸ்ல வெப்கிட்ஜிடிகே, விண்டோஸ்ல வெப்வியூ2, மேக்ல இன்னொண்ணு. மூணுலயும் மூணு விதமா சிஎஸ்எஸ், அதான் பக்கத்தோட தோற்றம், உடையும், நீ வந்து ஒட்டுவியா? போன வருஷம் உன் ரெப்போவுக்கு நான் அனுப்பின கோட் திருத்தம், அந்த பேட்ச், இன்னும் தூங்குது.

ரஸ்ட்_ராசா: அதுல ஒரு டெஸ்ட் கூட இல்ல.

முகில்_87: உன் ரெப்போவுல மட்டும் இருக்கோ?

கோபி: எலக்ட்ரான் பொறந்ததே கிட்ஹப்லதான். 2013ல ஆட்டம்ங்கிற கோட் எடிட்டருக்காக, ஆட்டம் ஷெல்னு பேரு வச்சு.

பழைய_டெர்மினல்: அந்த ஆட்டமே 2022 டிசம்பரோட முடிஞ்சுபோச்சு. வரலாறு போதும் கோபி. 60.

நித்யா_டெவ்: 304 பத்தி கேட்டேன்.

முகில்_87: ரீட்மீயில ஒரு எழுத்து மாத்த மாட்டேன்ணே. பயன்படுத்துறவங்களுக்கு உடனே வந்த மாதிரிதான் இருக்கு.

பழைய_டெர்மினல்: சரி, உன் ரெப்போவுல ஒரு இஷ்யூ, அதான் புகார் பதிவு, திறந்திருக்கேன். எப்ப மணி அடிச்சுச்சுன்னு வந்து சொல்லு.

முகில்_87: உங்களை பிளாக் பண்ணி ரெண்டு நாள் ஆச்சு.

ரஸ்ட்_ராசா: அப்ப அவரால இஷ்யூவே திறக்க முடியாதே. யார் பொய் சொல்றீங்க?

முகில்_87: நீ முதல்ல என் பேட்சை உன் கோட்ல சேர்த்து மெர்ஜ் பண்ணு.

ரஸ்ட்_ராசா: டெஸ்ட் எழுதி அனுப்பு.