விதைப்புக்கும் ஒரு ஜெப நாள் வேண்டும்

ஊரைவிட்டு வெளியே இருக்கிற நம் சங்கத்து அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிகள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

அறுப்பின் பண்டிகைக் காணிக்கை பற்றிச் செயலாளர் அண்ணன் எழுதிய மடலைப் பார்த்தேன். என் பங்கை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன். கூடவே, ரொம்ப நாளாக மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுத்த பிறகு நன்றி சொல்ல நம் சபையில் ஒரு நாள் இருக்கிறது. விதைக்கும்போது கேட்க ஒன்றும் இல்லை. முன்பு இருந்தது.

மே மாதம் இங்கே இங்கிலாந்தில், டெவனில்தான் எனக்கு இது உறைத்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை குருவான ஐயர் அங்கியோடு நேரே வயலுக்கு நடந்தார். சபையார் பின்னாலேயே போனோம். பார்லி ஒரு சாண் வளர்ந்திருந்தது. வேலியோரம் நின்று மண்ணுக்கும் விதைக்கும் தண்ணீருக்கும் தனித்தனியாக ஜெபித்தார். வயல்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

இதை ரொகேஷன் ஞாயிறு என்கிறார்கள். லத்தீனில் 'வேண்டிக் கேட்பது' என்று பொருள். 470 வாக்கில் பிரான்சின் வியன் நகரத்து ஆயர் மாமெர்துஸ், நிலநடுக்கத்தில் ஊரே கலங்கிக் கிடந்தபோது, இயேசு பரமேறிய திருநாளுக்கு முந்தின 3 நாளும் உபவாசமிருந்து பவனி போகச் சொன்னார். பயிருக்கான வேண்டுதல் அதோடு சேர்ந்துகொண்டது. அப்புறம் இங்கிலாந்தில் ஊர் எல்லையைச் சுற்றிவந்து எல்லைக்கல்லைக் குச்சியால் தட்டுகிற வழக்கமும் வந்தது.

இதோடு பார்த்தால் அறுப்பின் பண்டிகை, இன்றைய வடிவில், நேற்று வந்ததுதான். பக்கத்துக் கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ ஊர் குரு ராபர்ட் ஹாக்கர், புதுத் தானியத்தில் செய்த அப்பத்தை வைத்து நற்கருணை கொடுத்தது 1843இல். அப்போது கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்து 2 வருஷம்தான் ஆகியிருந்தது.

நம் ஊரில் ஐப்பசி முதல் மழை விழுந்ததும் சபை ஊழியரான உபதேசியார் வருவாரே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? செருப்பை வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி, ஓலைக் கடவப்பெட்டியில் முளைகட்டிய நெல்மேல் கை வைத்து ஜெபிப்பார். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ஆமென் சொன்ன கையோடு முதல் பிடி விதை விழும். அந்த நெல்லின் ஈர வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

அந்த உபதேசியாருக்குப் பிறகு யாரும் வரப்புக்கு வரவில்லை. போன வருஷம் பண்டிகையைக் காணொளியில் பார்த்தேன். பீடத்துக்கு முன்னால் கட்டியிருந்த வாழைத்தார் எல்லாம் சந்தையில் வாங்கியது என்று தங்கச்சி சொன்னாள். நாம் ஏலத்தில் போட்டி போட்டு எடுத்தது அந்தத் தாரைத்தான். எனக்கு வருத்தமாக இருந்தது. வயலில் நிற்கிறவர்களோடு நமக்கு இருந்த உறவு அறுந்துவருகிறது.

மே மாதத்தை அப்படியே எடுத்துவர வேண்டியதில்லை; அப்போது நம் குளம் வெடித்துக் கிடக்கும். கேரளத்து ஆர்த்தடாக்ஸ் சபைகளில் விதைகளுக்கான மாதா திருநாள் ஜனவரி 15, கதிர்களுக்கு மே 15. நமக்குப் புரட்டாசி கடைசி ஞாயிறு சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆராதனை முடிந்து சபையார் குளத்து மடைவரை நடக்கட்டும். உழுகிறவர்கள் வீட்டு விதையில் ஒரு பிடி கொண்டுவரட்டும், எந்த மதத்துக்காரரானாலும் சரி, மழை எல்லாருக்கும்தானே. அன்றைக்குக் குளத்தங்கரையில் எல்லோருக்கும் அசனச் சாப்பாடு வைத்தால் செலவை நாம் ஏற்கலாம்.

ஆனால் தேதியை நாம் இங்கிருந்து குறிக்க வேண்டாம். உழுகிறவர்களிடம் கேட்டுவிட்டு, செயலாளர் அண்ணன் நம் ஐயரிடம் பேச முடியுமா? விதை நெல்லுக்கு என் பங்காக ஒரு மூட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கீழத்தெரு, கிணற்றடி வீட்டுக்காரன்